கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி: கம்மம் எழுப்பிய கேள்வியும் அறிவியல் தரும் விடையும்

(தில்லியில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் தமிழ் வடிவம்)



2024 பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தில் இடைக்கால நிதிநிலை அறிக்கையை முன்வைத்த ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 9 முதல் 14 வயது வரையிலான சிறுமியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுவதை அரசு ஊக்குவிக்கும் என்று அறிவித்தார். 'ஊக்குவிக்கும்' என்பதே அவர் கையாண்ட சொல். வழங்கும் என்றோ, இலவசமாக வழங்கும் என்றோ அவர் கூறவில்லை. மறுநாளே ஒரு திரைப்பட நடிகை இந்நோயால் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பப்பட்டது. அதற்கடுத்த நாள் அவர் உயிரோடு தோன்றி, யாவும் விழிப்புணர்வுக்காகச் செய்யப்பட்டது என்றார். இரண்டு நாட்கள் தொலைக்காட்சிகளுக்கு நல்ல வேட்டை. அதன் பிறகு அமைதி.

அந்த அமைதியின் அடியில் கிடக்கும் கணக்கு இது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளபடி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இப்புற்றுநோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் மாண்டனர். ஏழு நிமிடங்களுக்கு ஒரு பெண் என்ற விகிதம். உலகில் இந்நோயால் மடியும் பெண்களில் நான்கில் ஒருவருக்குச் சற்றே குறைவான பங்கு இந்த ஒரு நாட்டுக்கு உரியது. பணக்கார நாடுகளில் அரிதாகிவரும் நோய் இங்கே பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் நிற்கிறது.

இந்நிலையில் தோழர்கள் பலர், குறிப்பாக மாதர் இயக்கத்தில் பணியாற்றுவோர், நேர்மையானதொரு கேள்வியை எழுப்புகிறார்கள்: "2010இல் இதே தடுப்பூசித் திட்டத்தை நிறுத்தச் சொல்லிப் போராடினோம். இன்று அதையே எல்லோருக்கும் கொடு என்று கேட்பது முரண்பாடு அல்லவா?" கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. விடை காண்பதற்கு, முதலில் தடுப்பூசி உடலில் என்ன செய்கிறது என்பதையும், பிறகு 2010இல் எது எதிர்க்கப்பட்டது என்பதையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

வைரஸ் மறைந்து வாழும் விதம்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ் என்பதை நிறுவியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன். 1983இல் இவ்வைரஸின் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் அவருடைய குழு புற்றுநோய்த் திசுக்களில் கண்டறிந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பாப்பிலோமா வைரஸ் வகைகள் உள்ளன. பெரும்பாலானவை தீங்கற்றவை, சில வகைகள் மருவை மட்டும் உண்டாக்கும். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வகைகளே புற்றுநோய்க்கு இட்டுச்செல்பவை. உலகெங்கும் ஏற்படும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். இந்தியாவில் இப்பங்கு அதைவிடவும் அதிகம்.

பாலுறவில் ஈடுபடும் ஆண், பெண் இருபாலரில் மிகப் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்று தீண்டுகிறது. கணவனைத் தவிர வேறோர் ஆணை அறியாத பெண்ணுக்கும் இது வரும். 'நடத்தை' என்ற சொல்லை இந்நோயோடு முடிச்சுப் போடுவோர் அறிவியலும் அறியாதவர்கள், அறமும் அறியாதவர்கள். தொற்று பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது. எஞ்சியோரிடம்தான் அது தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸின் இரண்டு புரதங்கள், செல் கட்டுக்கடங்காமல் பெருகுவதைத் தடுக்கும் இயற்கையான காவல் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. அங்கிருந்து புற்றுநோய் வரை செல்ல வழக்கமாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களிடம் இக்காலம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அவர்களுக்கு இப்புற்றுநோய் வரும் ஆபத்தும் மற்றவர்களைவிட ஆறு மடங்கு.

உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு ஏன் இதைக் கண்டுகொள்வதில்லை? இங்குதான் இவ்வைரஸின் தந்திரம் இருக்கிறது. அம்மையோ இளம்பிள்ளை வாதமோ இரத்தத்தில் பரவி உடல் முழுவதையும் எச்சரிக்கை செய்துவிடும். இது இரத்தத்தில் இறங்குவதே இல்லை. கருப்பை வாயின் மேற்படலத்தில் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக நுழைந்து, படலத்தின் அடியடுக்குச் செல்களில் குடியேறுகிறது. அச்செல்களைக் கொல்வதில்லை, வீக்கமோ காய்ச்சலோ உண்டாக்குவதில்லை. படலத்தின் மேலடுக்கு இயல்பாக உதிரும்போதுதான் அதனோடு புதிய வைரஸ்கள் வெளியேறுகின்றன. வீட்டில் எந்தப் பொருளும் உடையாமல் திருடு போனால் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? ஆகவே இயற்கையான தொற்றுக்கு ஆளான பெண்களில் கணிசமானோரின் இரத்தத்தில், ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதம் கண்டறியும் அளவுக்குக்கூட உருவாவதில்லை. உருவானாலும் மறுதொற்றை உறுதியாகத் தடுக்கப் போதுவதில்லை.

தடுப்பூசி இந்தக் குறையைத்தான் நிரப்புகிறது. இவ்வைரஸின் வெளிக்கூடு எல்1 என்ற ஒரே வகைப் புரதத்தின் 360 பிரதிகளால் ஆனது. 1990களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும், சீனத்திலிருந்து வந்து அங்கு பணியாற்றிய ஜியான் சோவும், வைரஸின் வெளிக்கூட்டுப் புரதங்களைத் தனியே உருவாக்கினால் அவை தானாகவே கூடி வைரஸ் போன்ற வெற்று உருண்டையாக அமைகின்றன என்பதைக் கண்டனர். அமெரிக்காவின் அரசு நிறுவனமான தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டக்ளஸ் லோவியும் ஜான் ஷில்லரும் இவ்வழியை மேலும் செப்பனிட்டனர். ஈஸ்ட் செல்களிலோ பூச்சி செல்களிலோ இப்புரதம் இன்று உற்பத்தி செய்யப்படுகிறது. உருண்டைக்குள் வைரஸின் மரபுப் பொருள் எதுவும் இல்லை. அது பெருக முடியாது. தொற்று உண்டாக்க முடியாது. புற்றுநோயும் உண்டாக்க முடியாது. தடுப்பூசியே நோயைக் கொடுக்கும் என்ற வதந்திக்கு இதுவே பதில்.

புயத்துத் தசையில் செலுத்தப்படும் இந்த உருண்டைகள், வைரஸ் ஒருபோதும் செல்லாத இடமான நிணநீர்க் கணுக்களைச் சென்றடைகின்றன. ஒரே வடிவம் ஒழுங்கான வரிசையில் நூற்றுக்கணக்கில் அமைந்திருப்பதைக் காணும் பி செல்கள் வலுவாகத் தூண்டப்படுகின்றன. அவற்றில் சில, நீண்டகாலம் வாழும் பிளாஸ்மா செல்களாக மாறி எலும்பு மஜ்ஜையில் தங்கி, ஆண்டுக்கணக்கில் எதிர்ப்புப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. இயற்கைத் தொற்றில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு அளவில் இரத்தத்தில் சேரும் இப்புரதம், கருப்பை வாயின் சளியிலும் கசிகிறது. வைரஸ் நுழையத் தேடும் அந்தச் சிராய்ப்பில் ஊறும் நிணநீரிலும் அது இருக்கிறது. வைரஸ் செல்லைப் பற்றும் முன்பே அதை மூடிவிடுகிறது.

கோவிட் காலத்திலிருந்து சந்தையில் குவிந்திருக்கும் 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' பொடிகளோடும் கஷாயங்களோடும் இதைச் சேர்த்து எண்ணக்கூடாது. பொதுவாக எதையும் 'பெருக்குவது' தடுப்பூசியின் வேலை அன்று. குறிப்பிட்ட ஒரு பகைவனின் முகத்தை உடலுக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதே அதன் வேலை. எனவேதான் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஏற்கெனவே செல்லுக்குள் குடியேறிவிட்ட வைரஸை அது வெளியேற்றாது; வந்துவிட்ட புற்றுநோயைக் குணப்படுத்தாது. 9 முதல் 14 வயது என்று வரையறுத்திருப்பதன் காரணம் இதுவே: வைரஸைச் சந்திக்கும் முன்பு கொடுக்க வேண்டும், அவ்வயதில் உடலின் எதிர்வினையும் வலுவானது. 'இந்த வயதுப் பெண்ணுக்கு இது எதற்கு?' என்று முகம் சுளிப்போர், குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத நாட்டில் வாழ்கிறோம் என்பதை நினைவில் கொள்வது நலம்.

பலன் குறித்த சான்றுகள் இப்போது ஊகமல்ல. 17 வயதுக்கு முன் தடுப்பூசி பெற்ற சுவீடன் பெண்களிடம் இப்புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்திருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில் 12-13 வயதில் பெற்றவர்களிடம் 87 விழுக்காடு குறைந்துள்ளது. செல்வந்த நாடுகளின் கதைதானே என்று ஒதுக்கவும் வழியில்லை. அண்டை நாடான பூட்டான் 2010இலும், இனப்படுகொலையிலிருந்து மீண்டெழுந்த ருவாண்டா 2011இலும் நாடு முழுவதும் பள்ளிகள் வழியே இதைத் தொடங்கிவிட்டன.

கம்மத்தில் நடந்தது

2009 ஜூலையில், அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாளையம் ஆகிய மண்டலங்களிலும், அடுத்த மாதம் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், 10 முதல் 14 வயது வரையிலான சிறுமியருக்குத் தடுப்பூசி போடும் 'செயல்விளக்கத் திட்டம்' தொடங்கியது. நடத்தியது 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம். உடன் நின்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. மருந்தை இலவசமாக அளித்தவை மெர்க், கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் என்னும் இரு பன்னாட்டு நிறுவனங்கள். இரு மாநிலங்களிலும் சேர்ந்து ஏறத்தாழ 24 ஆயிரம் சிறுமியர். கம்மத்தில் அவர்களில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடி வீட்டுப் பிள்ளைகள்.

பெற்றோருக்குச் செய்தி சொல்லப்படவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72ஆவது அறிக்கையில் பதிவாகியிருப்பது இது: ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948இல் இருந்தது கைநாட்டு, 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெண்ணைப் பெற்றவர் கூலிக்காட்டில் நிற்க, விடுதிக் காப்பாளர் அவள் உடலுக்குச் சம்மதம் தெரிவித்துவிட்டார். பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடும் முறையாக இல்லை. மருந்து ஆய்வுக்குரிய விதிகளிலிருந்து தப்பிக்கவே 'செயல்விளக்கம்' என்ற பெயர் சூட்டப்பட்டது என்பதும், தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் இரு நிறுவனங்களின் பொருளை நுழைப்பதே நோக்கம் என்பதும் நிலைக்குழுவின் கடுமையான முடிவு.

2010 மார்ச்சில் 'சமா' உள்ளிட்ட பெண்கள் நல அமைப்புகள் கம்மத்துக்கு நேரில் சென்று இவற்றை வெளிக்கொணர்ந்தன. பிருந்தா காரத் ஒன்றிய அரசிடம் பிரச்சனையை எழுப்பினார். ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆக, எதிர்க்கப்பட்டது எது? ஏழைகளின் பிள்ளைகள் கேளாமலே பயன்படுத்தப்பட்டமை. அந்தப் போராட்டத்தில் திரும்பப் பெற வேண்டிய சொல் ஒன்றும் இல்லை.

ஆனால் அப்போராட்டத்தினூடே இன்னொரு பேச்சும் பரவியது. திட்ட காலத்தில் ஏழு சிறுமியர் இறந்தனர். தடுப்பூசியே அவர்களைக் கொன்றது என்பது அப்பேச்சு. விசாரணையில் தெரியவந்த காரணங்கள் வேறு: நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா. தடுப்பூசிக்கும் இவற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதற்குப் பின் உலகெங்கும் கோடிக்கணக்கான தவணைகள் போடப்பட்டு, தொடர்ந்து கண்காணிக்கப்பட்டும் வருகின்றன. மயக்கம், கைவலி, அரிதாக ஒவ்வாமை ஆகியவற்றுக்கு மேல் தடுப்பூசியின் மீது சுமத்தத்தக்க பெரிய தீங்கு ஏதும் நிறுவப்படவில்லை. பழங்குடிச் சிறுமி பாம்புக்கடிக்கும் மலேரியாவுக்கும் பலியாவது ஒரு குற்றப்பத்திரிகைதான். அது வேறொருவர் மீது சுமத்தப்பட வேண்டிய குற்றப்பத்திரிகை. இந்த வேறுபாட்டை அன்றே இன்னும் உரத்துச் சொல்லியிருந்தால் நல்லது. அந்த அச்சத்தை இடதுசாரிகள் மட்டும் சுமந்து திரியவில்லை. 2018இன் தொடக்கத்தில் இத்தடுப்பூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது என்று பிரதமருக்குக் கடிதம் எழுதியது சங்பரிவாரத்தின் சுதேசி ஜாக்ரண் மஞ்ச்.

அறிவியலின் போக்கு விசித்திரமானது. கம்மத்தின் எதிரொலியாக 2010 ஏப்ரலில் அரசு விதித்த தடை, அதே நேரத்தில் நடந்துகொண்டிருந்த வேறோர் ஆய்வையும் நிறுத்தியது. புனே, மும்பை, அகமதாபாத், ஐதராபாத், சோலாப்பூர் மாவட்டத்தின் பார்ஷி, திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கை முதலிய இடங்களில், இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்பதைக் கண்டறியத் தொடங்கப்பட்ட ஆய்வு அது. தடை வந்தபோது 4,949 சிறுமியர் ஒரே தவணையோடு நின்றுவிட்டனர். யாரும் திட்டமிடாத இந்தப் பிரிவினரை ஆய்வாளர்கள் கைவிடாமல் ஆண்டுதோறும் பின்தொடர்ந்தனர். பத்தாண்டு முடிவுகள் 2021இல் வெளியாயின: 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றுக்கு எதிராக ஒரு தவணையின் பாதுகாப்பு 95.4 விழுக்காடு, மூன்று தவணையின் பாதுகாப்பு 93.3. வேறுபாடே இல்லை எனலாம். எதிர்ப்புப் புரதத்தின் அளவு ஒரு தவணை பெற்றவர்களிடம் குறைவுதான். ஆனால் அக்குறைந்த மட்டத்திலேயே அது சரியாமல் நிற்கிறது. தடுப்பதற்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. கோஸ்டாரிகாவிலும் கென்யாவிலும் நடந்த ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. 2022 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு, 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையே போதும் என்ற அட்டவணையை ஏற்றது. உலகின் ஏழை நாடுகளுக்குச் செலவைப் பாதியாகக் குறைத்த முடிவுக்கு வித்திட்டவர்கள் இந்நாட்டின் 4,949 சிறுமியர்.

விலை யாருக்கு?

2006இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது இத்தடுப்பூசியின் ஒரு தவணை விலை 120 டாலர். மூலக் கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தவை பல்கலைக்கழகங்களிலும் அரசு ஆய்வுக்கூடங்களிலும் என்பது மேலே சொல்லப்பட்டது. காப்புரிமையின் மதில் எழுந்தபின் உலகின் பெரும்பகுதி வெளியே நின்றது. புனேயின் சீரம் நிறுவனம், ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு உருவாக்கிய 'செர்வாவேக்' 2022 ஜூலையில் அனுமதி பெற்று, 2023இல் சந்தைக்கு வந்தது. அரசுக்கு 200 முதல் 400 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று அதன் உரிமையாளர் முன்பு கூறியிருந்தார். தனியார் மருத்துவமனையில் வைத்த விலை ஒரு தவணைக்கு 2,000 ரூபாய். விவசாயத் தொழிலாளியின் பல நாள் கூலிக்கு ஈடான தொகை. பொதுப்பணத்தின் துணையோடு பிறந்த மருந்தைப் பொதுமக்கள் இந்த விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. 2024இல் அமைச்சர் சொன்னது அதை 'ஊக்குவிப்பதாக' மட்டுமே.

பொதுத்துறையின் நிலை என்ன? கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய மூன்று இடங்களில் இருந்த அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமம் 2008 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் அத்தடை நீங்கியபோதும் இழந்த இடம் திரும்பவில்லை. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் எழுப்பப்பட்ட ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம், கோவிட் கொன்று குவித்தபோதும் பூட்டிக் கிடந்தது.

அரசு மனம் வைத்தால் இயலும் என்பதற்கு உள்நாட்டிலேயே சான்று உண்டு. 2016இல் பஞ்சாபின் பதிண்டா, மான்சா மாவட்டங்களும், 2018இல் சிக்கிம் மாநிலம் முழுவதும் இதைப் பள்ளிகள் வழியே இலவசமாக வழங்கின. சிக்கிமில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெற்றனர். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் முன்கூட்டியே பேசினார்கள். கம்மத்தில் செய்யாதது அதுதான்.

தாய்மார்களை மறந்த பேச்சு

தடுப்பூசிப் பேச்சில் ஓர் ஆபத்து உண்டு. இன்று பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குப் போடும் ஊசி அவளை முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் நோயிலிருந்து காக்கும். அவள் தாய்க்கு அது எதுவும் செய்யாது. தாய்க்குத் தேவை பரிசோதனை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடு. நூற்றில் இருவர்கூட இல்லை.

இத்தனைக்கும் இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெண்மையாகும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது ஒரு முறை. பயிற்சி பெற்ற செவிலியர் செய்யலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வில் இம்முறை இறப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. வைரஸின் மரபுப் பொருளையே தேடும் சோதனை இன்னும் துல்லியமானது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், வாழ்நாளில் ஒரே ஒருமுறை இச்சோதனை செய்தது இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கியது. 2009இல் வெளியான முடிவு இது.

பரிசோதனை இல்லாத இடத்தில் அச்சம் வணிகமாகிறது. அதே மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம், சாதாரண வெள்ளைப்படுதலுக்கும் வயிற்றுவலிக்கும் புற்றுநோய் வந்துவிடும் என்று சொல்லித் தனியார் மருத்துவர்கள் கருப்பையையே அகற்றினார்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் அபராதம் விதிக்கும் மேஸ்திரி இன்னொரு பக்கம். 2019இல் மாநில அரசின் குழு ஆராய்ந்தபோது, அம்மாவட்டத்தில் 13 ஆயிரத்துக்கும் அதிகமான கரும்புத் தொழிலாளர் பெண்கள் கருப்பையை இழந்திருந்தது தெரியவந்தது. ஓர் அசிட்டிக் அமிலச் சோதனையும், அச்சத்தைத் தீர்த்துவைக்கும் ஓர் அரசுச் செவிலியரும் அங்கே இல்லாததன் விலை.

எனவே கோரிக்கையைப் பிரிக்க முடியாது. தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு இலவசமாக, பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கிடைக்க வேண்டும். பொதுத்துறையில் உற்பத்தியாக வேண்டும். முப்பது வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனையும், தேவைப்பட்டால் அன்றே சிகிச்சையும் வேண்டும். இந்த வேலையின் முழுச் சுமையையும் ஊக்கத்தொகைக்கு உழைக்கும் ஆஷா தோழியரின் தலையில் ஏற்றக் கூடாது. ஒப்புதல் படிவம் தாயின் மொழியில் இருக்க வேண்டும். எழுத்தறியாத தாய்க்கு அது வாசித்துக் காட்டப்பட வேண்டும். மறுக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு என்பது சொல்லப்பட வேண்டும். கோயா மொழி பேசும் வீட்டில் தெலுங்குப் படிவம் போதாது.

பத்ராசலத்தின் விடுதிகளில் 2009இல் வரிசையில் நின்று கையை நீட்டிய சிறுமியருக்கு 2024இல் வயது இருபத்தைந்துக்கும் இருபத்தொன்பதுக்கும் இடையில். பலருக்குப் பிள்ளைகள் இருக்கும். தடுப்பூசி எல்லா வகை வைரஸ்களையும் தடுப்பதில்லை என்பதால் அதைப் பெற்றவர்களும் முப்பது வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும்.  அவர்கள் பெயர்களும் ஊர்களும் அன்றைய படிவங்களில் இருக்கின்றன.